அவசரக்காரி பச்சை மிதவையைச் சுற்றிய நாள்

வெர்னா ஹால்வர்சனின் படகுக்குப் பெயர் அவசரக்காரி. அவளுக்கு முன்னால் வைத்திருந்தவர் சூட்டிய பெயர் அது. படகின் பெயரை மாற்றினால் ஆகாது என்று டன்லின் விரிகுடாவில் சின்னவர் பெரியவர் எல்லோரும் நம்புவதால் அவளும் அதில் கை வைக்கவில்லை. வாங்கிய புதிதில் ஒரே ஒரு தடவை நகர்ந்ததோடு சரி. அதற்குப் பிறகு ஏழு வருஷமாக அவசரக்காரி, படகுத்துறையின் சி நடைமேடைக் கோடியில் கட்டிப்போட்ட இடத்தை விட்டு ஒரு முழம் அசைந்ததில்லை. பேர் அவசரக்காரி, பிழைப்பு அசையாச் சொத்து.

அந்த ஒரே தடவையின் கதை துறைக்கே தெரியும். வெர்னா பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். பனி கொட்டும் காலையில், சந்து முனையில், பின்னால் அறுபது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, அலுங்காமல் ரிவர்ஸ் எடுத்த கை. அந்தத் தெம்பில்தான் படகையும் எடுத்தாள். வெளியே வந்ததும் நிறுத்த வேண்டுமே என்று வலது காலை ஓங்கித் தரையில் மிதித்தாள். படகில் ஏது பிரேக்? அது பாட்டுக்குப் போய்ப் பக்கத்துப் படகின் விலாவில் நீளமாக ஒரு கீறு கீறிவிட்டுத்தான் நின்றது.

பக்கத்துப் படகு ஓர்வில் ப்ரூயிட்டுடையது. இழுவைக் கப்பல்களில் இன்ஜின் பார்த்தே தலை நரைத்த ஆள். கோடை வந்தால் தன் படகுக்கு வெள்ளை பெயின்ட் அடிப்பான். அந்தக் கீறலை மட்டும் விட்டுச் சுற்றி அடிப்பான். யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய், "இது வெர்னா போட்ட கையெழுத்து" என்று காட்டுவான். வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என்ன பேச முடியும்? கீறியவள் அவள்தானே.

படகில் குடியிருப்பது என்றால் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு சூரியன் மறைவதைப் பார்ப்பது என்று கரைவாசிகளுக்கு ஒரு நினைப்பு. வந்து பார்க்கட்டும். காலையில் கண் விழித்ததும் மெத்தையைத் தூக்கி அடியில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ராத்திரி நீர்நாய் ஏறி மீன் தின்று அசிங்கம் பண்ணிவிட்டுப் போயிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவ வேண்டும். ஹீட்டரும் கெட்டிலும் ஒன்றாகப் போட்டால் கரன்ட் பட்டென்று போய்விடும். குளிர் காய்வதா காபி குடிப்பதா என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. சாமான் இறக்கத் தள்ளுவண்டி வேண்டும் என்றால் ஒன்றும் இருக்காது. எல்லாம் எவன் படகின் முன்னாலாவது குப்புறக் கிடக்கும். துணி துவைக்கும் அறையில் இரண்டே மெஷின். அடுத்தவர் ஈரத் துணியை எடுத்து வெளியே வைத்தால் கொலைக் குற்றம். கழிவுத் தொட்டியை வாரம் ஒரு தரம் காலி செய்ய வேண்டும். மற்றவர்கள் படகை ஓட்டிக்கொண்டு உறிஞ்சுகிற மேடைக்குப் போவார்கள். வெர்னாவுக்கு மட்டும் உறிஞ்சுகிற படகு வீடு தேடி வரும். அதற்கும் ஓர்வில் ஏதாவது சொல்வான்.

"மகாராணிக்கு எல்லாம் வாசலுக்கே வருது."

"உன் வாய் நாறுறதுக்கும் ஒரு குழாய் போடச் சொல்றேன், இரு."

இத்தனை இருந்தும் அவளுக்கு அந்த இடம் உயிர். நகராத படகாகையால் மேல்தளம் முழுக்கத் தோட்டம் போட்டுவிட்டாள். தக்காளித் தொட்டி, சிவப்புப் பூச்செடி, சைக்கிள், துணிக்கொடி. நடைமேடையில் ஒரு பழைய மீன் வாளியில் மண் நிரப்பிக் கொடி பீன்ஸ் நட்டிருந்தாள். வாளியின் காதிலிருந்து படகின் கைப்பிடிக் கம்பி வரை நைலான் நூல் இழுத்துக் கட்டியிருந்ததால், கொடி அதில் ஏறிக் கம்பி நெடுகச் சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நடைமேடையில் மடக்கு மேசை போட்டு, ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து, எல்லோரும் கூடிச் சாப்பிடுவார்கள். அதில் வெர்னாவின் பீன்ஸுக்குத்தான் முதலில் கை நீளும்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. வெளியே போன படகு திரும்பி வரும் சத்தம் கேட்டால், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போய், அதிலிருந்து வீசும் கயிற்றைப் பிடிக்க வேண்டும். யாரும் கூப்பிட மாட்டார்கள், யாரும் நன்றியும் சொல்ல மாட்டார்கள். சி நடைமேடையில் முக்கால்வாசி நேரம் அந்த ஆள் வெர்னாதான். எங்கும் போகாதவள்தானே எப்போதும் இருப்பாள். சோப்பு நுரையோடு, தலையில் துண்டோடு, வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு கூட ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறாள். யாருடைய கயிறு எப்படி வரும் என்று அவளுக்கு அத்துப்படி. ஓர்வில் வீசினால் நெஞ்சுக்கு நேராக வரும். லூ வீசினால் தண்ணீரில்தான் விழும். லூ என்கிற லூசிண்டா, ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு பாய்மரப் படகில் பூனையோடு குடியிருப்பவள். வெர்னாவின் கயிற்றை மட்டும் இதுவரை யாரும் பிடித்ததில்லை.

ஜூன் மாதம் துறையின் பொதுக் குளியலறைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். படகில் குடியிருக்க வேண்டுமானால் அது படகாக இருக்க வேண்டுமாம். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, ஒவ்வொரு குடியிருப்புப் படகும் யாருடைய இழுவையும் இல்லாமல், சொந்த இன்ஜினில், அலையைத் தடுக்கிற கல்சுவர் தாண்டிப் பச்சை மிதவையைச் சுற்றிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் படகை வைத்துக்கொள்ளலாம். உள்ளே வாழ முடியாது. குடியிருப்பு இடத்துக்குக் காத்திருக்கிறவர்கள் வரிசையோ வருஷக்கணக்கில் நீண்டது.

வெர்னா துண்டும் சோப்பும் கையுமாக அதை மூன்று தரம் படித்தாள். அன்றைக்கென்று பார்த்து ஸ்போகேன் ஊரிலிருந்து தங்கை ஆர்லீன் போன் பண்ணினாள்.

"நல்லதாப் போச்சுக்கா. இந்த வயசுல என்னத்துக்குத் தண்ணியில ஆடிக்கிட்டு? கராஜுக்கு மேல ரூம் சும்மாதான் கெடக்கு. ஜன்னலத் தொறந்தா ஒரே கோதுமை வயலு."

"தையல் மெஷின் அங்கதானே இருக்கு?"

"அதை ஓரமாத் தள்ளிடலாம்."

தன்னையும் ஓரமாகத்தான் தள்ளிவிடுவார்கள் என்று வெர்னாவுக்குப் பட்டது. அங்கே முந்நூறு மைலுக்கு உப்புத் தண்ணீர் கிடையாது. ராத்திரி புரண்டு படுத்தால் கட்டிலும் ஆடாது. அவள் போனை வைத்துவிட்டு நேரே போய் ஓர்வில் படகின் பக்கவாட்டில் தட்டினாள், அந்தக் கீறலின் மேலேயே.

"என் இன்ஜின் ஓடுமா?"

"ஓடுமான்னு இன்ஜினைக் கேளு. ஓட்டுவியான்னு உன்னைக் கேட்டுக்கோ."

"வளவளன்னு பேசாம ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வா."

அதிலிருந்து சி நடைமேடை ஒரு கல்யாண வீடாகிவிட்டது. ஓர்வில் இன்ஜினைப் பிரித்துப் போட்டு, கறுத்த எண்ணெயை வடித்து, வடிகட்டி மாற்றி, அதைத் திட்டிக்கொண்டே திரும்பப் பூட்டினான். தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்கிற ஒருவனைக் கூப்பிட்டுப் படகின் அடியைச் சுரண்டச் சொன்னார்கள். அவன் தலையை மட்டும் வெளியே நீட்டி, "அடியில விசிறியே இல்லீங்க, ஒரே மட்டிப் பந்துதான் இருக்கு" என்றான். பிறகு பந்தை உடைத்து, உள்ளேயிருந்த, படகைத் தள்ளுகிற விசிறியைக் கண்டுபிடித்தான். கடைசியில் இன்ஜின் இருமிக் கறுப்பாகப் புகை கக்கி ஓட ஆரம்பித்தபோது லூ கைதட்டினாள். அவள் பூனை ஓடி ஒளிந்துகொண்டது. வெர்னாவின் உள்ளங்கால் வழியாக அந்த அதிர்வு ஏறியது. ஏழு வருஷம் தான் படுத்துத் தூங்கியது ஒரு வண்டிக்கு மேலே என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒத்திகையை நடைமேடையிலேயே வைத்துக்கொண்டார்கள். தள்ளுவண்டிதான் படகு. ஓர்வில் தலையில் பச்சைத் தொப்பியோடு மிதவையாக நின்றான்.

"பிரேக்கைத் தேடாதே. நிக்கணும்னா எதிர்ப் பக்கம் கியரைப் போடு. எல்லாத்தையும் மெதுவாச் செய். இடிச்சாலும் மெதுவா இடிப்பே."

"மிதவை இவ்வளவு பேசுமா?"

"இந்த மிதவை பேசும். சரி, ஒரு பந்தயம். எதையும் இடிக்காமப் போயிட்டு வந்துட்டேன்னு வை, அந்தக் கீறலுக்கு நானே பெயின்ட் அடிக்கிறேன்."

"நெஜமாவா?"

"நான் என்னைக்குப் பொய் சொன்னேன்?"

"போன வாரம் நண்டு கெடைக்கலைன்னு சொன்னியே, அன்னைக்கு."

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை மேகமில்லாமல் விடிந்தது. தென்மேற்கிலிருந்து லேசான காற்று. தக்காளித் தொட்டியும் சைக்கிளும் மற்ற சாமான்களும் நடைமேடைக்கு இறங்கின. உள்ளே தட்டுகளுக்கு நடுவே துண்டு செருகி, கெட்டிலைக் கழுவுதொட்டிக்குள் படுக்கவைத்து, புத்தகங்களை மெத்தையில் போட்டு மேலே போர்வை போர்த்தினாள். கரன்ட் வயரைக் கழற்றிவிட்டாளா என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து பார்த்தார்கள். போன கோடையில் ஒருவன் வயரோடு கிளம்பிப் போய்க் கம்பத்தையே பிடுங்கிப் போட்டதில் நடைமேடை முழுக்க நாள் பூராவும் காபி இல்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. எல்லோர் கண்ணும் வயரில்தான் இருந்தது. பீன்ஸை ஒருவரும் பார்க்கவில்லை. அது நாளெல்லாம் கண்ணில் படுகிற பொருள், யார் பார்ப்பார்கள்?

துறை மேலாளர் ப்ரெண்டா கோவாக் கையில் குறிப்பேட்டோடு வந்து நின்றாள். நல்ல பெண்தான். சட்டத்தை அவள் போடவில்லை, அவள் காவல் காக்கிறாள், அவ்வளவே.

"வெர்னா, ரெடியா இருக்கீங்களா? இழுக்கவோ தள்ளவோ யாரும் வரக் கூடாது. வந்தா கணக்குல சேராது. தெரியும்ல?"

"தெரியும்மா. நீ நகந்து நில்லு."

கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. கியரைப் பின்னுக்குத் தள்ளினாள். அவசரக்காரி ஒரு கணம் யோசித்துவிட்டு, அசைந்து, மெல்லப் பின்னால் வழுக்கினாள். நடைமேடையில் ஒரே கூச்சல். தனக்குத்தான் வாழ்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்து வெர்னா பெருமையாகக் கையை ஆட்டினாள். படகை வளைத்து நேராக்கி, கியரை முன்னுக்குப் போட்டாள். அப்போதுதான் லூ நடைமேடை ஓரமாகக் கூடவே ஓடி வருவதைப் பார்த்தாள்.

"பீன்ஸ்! வெர்னா, பீன்ஸ்!"

திரும்பிப் பார்த்தாள். வாளியைக் காணோம். நூல் விறைப்பாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதன் அடிநுனியில் மீன் வாளி, மண்ணும் வேருமாகப் பின்னால் இழுபட்டு, விசிறிப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. நைலான் நூல் விசிறியில் சுற்றினால் இன்ஜின் அதோடு சரி. பிறகு இழுவைதான், பிறகு ஸ்போகேன்தான். வெர்னாவின் கை தானாகப் போய்க் கியரை நடுவில் போட்டது.

விசிறி நின்றது. காற்று நிற்கவில்லை. அவசரக்காரியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போனது. அங்கே நின்றது யாரோ பணக்காரருடைய பெரிய வெள்ளைப் படகு, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு.

ஓர்வில் தன் குட்டிப் படகில் குதித்துத் துடுப்பை எடுத்துவிட்டான்.

"வராதே ஓர்வில்," என்று வெர்னா கத்தினாள். "வந்தே, ஜென்மத்துக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். அங்கேயே இரு."

அவன் துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். கத்தியை எடு, அறுத்துவிடு என்று யாரோ சத்தம் போட்டார்கள். அறுத்தால் நூல் தண்ணீருக்குள் போய் நேரே விசிறியைத்தான் தேடும். வெர்னா கம்பியோரம் மண்டியிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். இலையும் பூவும் காயுமாகக் கொடி முழம் முழமாக மேலே வந்தது. நூல் உள்ளங்கையை அறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் வாளி கொழகொழவென்று சேறு வழிய ஏறி, அவள் மடியிலேயே கவிழ்ந்தது.

எழுந்தபோது வெள்ளைப் படகு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. வலது கால் தன் பாட்டுக்குத் தரையை ஓங்கி மிதித்தது. "சனியனே, நீ சும்மா இரு" என்று காலைத் திட்டிவிட்டு, சுக்கானைத் திருப்பி, கியரைப் போட்டாள். அவசரக்காரி உதறிக்கொண்டு விலகினாள். இரண்டு படகுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அந்த ஒரு சாணில் ஏழு வருஷத்துப் பயம் கழன்று தண்ணீரில் விழுந்துவிட்டது.

கல்சுவரைத் தாண்டியதும் முதல் அலை முன்பக்கத்தைத் தூக்கியது. உள்ளே கெட்டில் உருண்டு கடகடவென்று சத்தம். "எல்லாரும் உட்காருங்க, வண்டி ஓடும்போது யாரும் நிக்கக் கூடாது" என்று வெர்னா ஆளில்லாத படகைப் பார்த்து அதட்டினாள். அதட்டிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். முகத்தில் உப்புத் தெறித்தது. மடியெல்லாம் சேறு, தோளில் ஒரு பீன்ஸ் கொடி. ஒரு கடல்நாய் மொட்டைத் தலையை நீட்டி அவளை மேலும் கீழும் பார்த்தது. அவள் ஹாரனை அழுத்தினாள். அது வேலை செய்யும் என்றுகூட அவளுக்கு அதுவரை தெரியாது.

பச்சை மிதவை அவள் நினைத்ததைவிடப் பெரிதாக, துருப்பிடித்து, மேலே ஒரு கடற்காக்கையோடு ஆடிக்கொண்டிருந்தது. ஓர்வில் தொப்பியைவிட ஆயிரம் மடங்கு லட்சணம். அதைச் சுற்றி வளைத்தபோதுதான் அவள் துறையை எதிரிலிருந்து பார்த்தாள். பாய்மரங்கள், குளியலறையின் தகரக் கூரை, சி நடைமேடைக் கோடியில் குவிந்த தக்காளித் தொட்டிகள், நடுவே பல் விழுந்த மாதிரி ஒரு காலி இடம். தன் வீட்டு வாசலை அவள் இதுவரை வெளியே நின்று பார்த்ததே இல்லை. எத்தனை அழகாக இருக்கிறது, பாவி, இதையா இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இன்னொரு சுற்றுப் போனாள்.

நடைமேடையில் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. "சுக்கான் மாட்டிக்கிச்சு போல" என்றாள் லூ. ஓர்வில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"மாட்டல. அம்மா ஜாலியாச் சுத்துறாங்க."

வெர்னா உள்ளே வந்தபோது காற்று சற்று அடங்கியிருந்தது. மெதுவாக, மெதுவாக. தன் இடத்துக்கு நேரே வந்ததும் கியரைப் பின்னுக்கு ஒரு தட்டுத் தட்டினாள். அவசரக்காரி மூச்சு விடுகிற மாதிரி நின்றாள். முன்கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள், நடைமேடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். சி நடைமேடை மொத்தமும் வரிசையாக நின்றது. ஒருத்தர் கையில் சோப்பு நுரை, ஒருத்தர் தலையில் துண்டு, லூவின் வாயில் பல் தேய்க்கும் பிரஷ். வேண்டுமென்றே செய்திருந்தார்கள், படுபாவிகள். எல்லோர் கையும் நீண்டிருந்தது. யாருக்கு வீசுவது?

அவள் கண் கலங்கியதில் சரியாகத் தெரியவில்லை. குத்துமதிப்பாக வீசினாள். கயிறு வானத்தில் விரிந்து, ஓர்வில் நெஞ்சுக்கு நேராகப் போய் விழுந்தது. அவன் பிடித்து இழுத்தான். அந்த இழுப்பு அவள் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. ஏழு வருஷமாக அவளுக்குக் கயிற்றின் அந்தப் பக்கம்தான் தெரியும். இந்தப் பக்கம் நின்றால் இப்படி இருக்கும் என்று யாருமே அவளிடம் சொன்னதில்லை.

ப்ரெண்டா வந்து நின்று, சேற்றில் குளித்த வெர்னாவையும் அவள் தோளிலிருந்த கொடியையும் பார்த்தாள்.

"ரெண்டு தடவை சுத்தினீங்க. ஒண்ணு போதும்."

"இன்னொண்ணு அடுத்த வருஷத்துக்கு."

"அடுத்த வருஷமும் இதே எடத்துலதான் இருப்பீங்க, கவலைப்படாதீங்க" என்றாள் ப்ரெண்டா. நடைமேடை குலுங்கக் குலுங்க எல்லோரும் கத்தினார்கள்.

ஓர்வில் மட்டும் கயிற்றைக் கட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன முழிக்கிறே," என்றாள் வெர்னா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பந்தயம் ஞாபகம் இருக்கா? போய் பெயின்ட் டப்பாவை எடு."

"பெயின்ட் இருக்கு," என்றான் ஓர்வில். கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா அந்தக் கீறலை விட்டுடேன் வெர்னா. உன்கிட்ட பேச்சுக் கொடுக்கிறதுக்கு எனக்கு வேற என்ன இருக்கு?"

வெர்னா மடியிலிருந்த சேற்றைத் தட்டிவிட்டாள்.

"அப்போ லேசாக் கட்டு," என்றாள். "சாப்பிட்டுட்டு மறுபடி போறேன். நீயும் ஏறிக்கோ. பேசுறதுக்கு வேற ஏதாவது கெடைக்கும்."

ஓர்வில் குனிந்து, ஒற்றைக் கையால் இழுத்தால் அவிழ்கிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டான். பிறகு எல்லோரும் சேர்ந்து மடக்கு மேசையை விரித்தார்கள்.